பதினேழாம் எண்ணின் நீலப் பாதி

மார்ச் 3

தம்பிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. "என் பாதியை அனுப்பிடு" என்று போனில் சொன்னபோது, முப்பத்தாறு புத்தகங்களில் பதினெட்டு வரும் என்று நினைத்தேன். நீ ஒவ்வொரு புத்தகத்திலும் பாதியை அனுப்பியிருக்கிறாய்.

பிரித்ததும் எனக்குப் புரியவே இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னட்டை இருக்கிறது, பின்னட்டை இல்லை. தபாலில்தான் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தபால்காரரிடம் சண்டை போடப் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்று பார்த்தபோதுதான் வெட்டு தெரிந்தது. அவ்வளவு நேரான வெட்டு போட உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். படத்துக்குச் சட்டம் போடுகிற உன் கடையில், கண்ணாடி அறுக்கும் மேசைமேல் வைத்து, எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து வெட்டியிருக்கிறாய். கோபத்தில் வெட்டுகிறவனுக்குக் கையாவது நடுங்க வேண்டாமா?

கீழே பல் செட் பட்டறை வைத்திருப்பவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். போனில் யாருடைய பேச்சை எடுத்ததும் நீ டக்கென்று வைத்தாயோ, அவர்தான். என் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்து, "என்னங்க இது, பாதிதான் இருக்கு?" என்றார். விளக்கினேன். இரட்டைக்கோள் வரிசையில் ஒரு புத்தகத்துக்குள் இரண்டு விஞ்ஞான நாவல்கள். நீல அட்டையைத் திறந்தால் ஒரு கதை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சிவப்பு அட்டை, அங்கிருந்து இன்னொரு கதை. இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு முடியும். என்றைக்கும் நீலம் எனக்கு, சிவப்பு என் தம்பிக்கு.

"அப்ப பங்கு சரியாத்தான் பிரிச்சிருக்கார்" என்றார். அவருக்கு அப்போதே உன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

சரியாகவும் பிரிக்கவில்லை. மொத்தத் தடிமனை அளந்து நட்டநடுவில் வெட்டியிருக்கிறாய். இரண்டு நாவலும் ஒரே நீளமா? நீலம் நீளமாக இருந்த புத்தகங்களில் என் கதையின் கடைசிப் பக்கங்கள் உன் பாதியோடு போய்விட்டன. சிவப்பு நீளமாக இருந்தவற்றில் உன் கதையின் வால் என்னிடம் தலைகீழாகத் தொங்குகிறது. இத்தனை வருஷம் இந்த வரிசையைச் சேர்த்தவனுக்குப் பக்க எண்ணைப் பார்த்து வெட்டத் தோன்றவில்லையா? முதுகில் இருக்கும் எண்ணைக்கூட நீ விடவில்லை. பதினேழில் ஒன்று என்னிடம், ஏழு உன்னிடம்.

இந்தப் பெட்டியில் பன்னிரண்டு. மீதியை வெட்டாதே. முக்கியமாக முப்பத்தொன்றைத் தொடாதே. இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் அவரவர் அட்டைக்குள் கையெழுத்துப் போட்ட புத்தகம் அது. விஞ்ஞானக் கதை வாசகர் மாநாட்டில் அவர்கள் பின்னால் நானும் நீயும் நாயாய் அலைந்து வாங்கியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை பதினொரு மணி, பதிவாளர் அலுவலகத்தில் எனக்கும் பட்டறைக்காரருக்கும் கல்யாணம். என் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பாதி கேட்டாய், பாதி அனுப்பினேன். பன்னிரண்டோடு நிறுத்தியதற்குக் காரணம் பெட்டி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

பக்க எண்ணைப் பார்க்காதது தப்புதான். தொழில் செய்கிறவன் அப்படி வெட்டியிருக்கக் கூடாது. உன் கதைகளின் வால்கள் என் சிவப்புப் பாதிகளில் பத்திரமாக இருக்கின்றன. குப்பையில் போடவில்லை.

ஏப்ரல் 18 சனிக்கிழமை என்ன நாள் என்று உனக்குத் தெரியாதா? மாநாட்டின் இரண்டாம் நாள். மூன்று மணிக்கு இரட்டை வாசிப்பு. மேடையில் நீ நீலப் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் படிப்பாய், நான் புத்தகத்தைத் திருப்பிச் சிவப்பிலிருந்து ஒரு பக்கம் படிப்பேன். யார் முதலில் தடுக்கி விழுவார்கள் என்று கூட்டம் பந்தயம் கட்டும். இது நாம் ஆரம்பித்து வைத்த வழக்கம். இந்த வருஷம் நான் மட்டும் மேடையில் நின்று புத்தகத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?

எனக்குப் பேச வராது. பக்கத்தைப் பார்த்துப் படிக்கத்தான் வரும். மாநாட்டில் நம் புத்தக மேசைக்கு யாராவது வந்து "இது முதல் பதிப்பா?" என்று கேட்டால், பதில் தெரிந்தாலும் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். எனக்கும் சேர்த்து நீ பேசினாய், உனக்கும் சேர்த்து நான் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன். இது நீ பார்த்துப் பழகிய ஏற்பாடு. எக்ஸ்ரே எடுக்கிற உன் வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, போனாய். அதுகூடச் சரி. மாநாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாய். இப்போது வருஷத்தில் இத்தனை சனிக்கிழமை இருக்க, பதிவாளருக்கு அந்த ஒன்றுதான் கிடைத்ததா?

சாட்சிக்கு வேறு ஆளைப் பார். அந்தப் பல்லுக்காரரையே ஆள் பிடித்துத் தரச் சொல். ஊரில் பாதிப் பேர் வாயில் அவர் கைவேலைதானே இருக்கும். ஒருவர்கூடவா வர மாட்டார்?

முப்பத்தொன்று மேசைமேல் இருக்கிறது. பிளேடும் பக்கத்தில்தான் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

பிளேடை எடுத்து டப்பாவில் போடு. என்னை மிரட்டுவதற்கு அந்தப் புத்தகம் என்ன பாவம் செய்தது?

தேதிக்குக் காரணம் கேட்டாய். நீட்டி முழக்காமல் சொல்கிறேன். பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தா நாள்காட்டியைப் புரட்டி, "பதினெட்டு காலியா இருக்கு, வேணுமா?" என்றார். நான் "சரி" என்றேன். அந்த நிமிஷம் மாநாடு என் நினைவிலேயே இல்லை. வீட்டுக்கு வந்து, சமையலறைச் சுவரில் நானே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தலையில் கை வைத்தேன்.

மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டிக்கொள்ளப் போகிறவரே சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு தேதி கிடைத்திருக்கிறது, அதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

இன்னொரு விஷயம். பட்டறையில் பல் அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அது இறுகும்வரை அவருக்குக் கையில் வேலை இருக்காது. வழக்கமாக ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். போன வாரம் மாடிக்கு வந்து, "சும்மா பாக்கறதுக்கு ஒண்ணு குடுங்களேன்" என்று பதினேழின் நீலப் பாதியை எடுத்துக்கொண்டு போனார். இந்த மனிதர் இதுவரை படித்த நீளமான எழுத்து, பசை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைதான். அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். பூமியிலிருந்து விண்வெளி நிலையம்வரை போகும் லிஃப்ட், மேலே சேர ஏழு மாதம் ஆகும், அதை ஓட்டும் பெண். ஒரே ஒரு பயணி, அவன் மடியில் பூட்டிய பெட்டி. நடுவழியில் பயணி செத்துப்போகிறான். அவள் பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கடத்துகிறாள். நூற்று எட்டாம் பக்கத்தின் கடைசி வரியில் பூட்டை உடைத்து மூடியைத் தூக்குகிறாள். அங்கே உன் வெட்டு.

கை நிறைய மெழுகோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். "உள்ள என்ன இருந்துச்சு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஏங்க?"

"எங்க மாநாட்டு விதி. கதையோட முடிவை யாரும் வாயால சொல்லக் கூடாது. சொன்னா அன்னிக்கு ஹால் முழுக்க அவங்கதான் கூட்டணும்."

"ஹாலை நான் கூட்டித் தர்றேன், சொல்லுங்க."

சொல்லவில்லை. அன்று மத்தியானம் ஒரு பெரியவரின் மேல் செட்டில் முன்பல்லை ஒன்றரைப் பல் தள்ளி வைத்துவிட்டாராம். டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பழியும் என்மேல்தான் விழுந்தது.

பதினேழின் வாலை அனுப்பு. எனக்காக வேண்டாம், அவருக்காக அனுப்பு.

அக்கா

பி.கு. பக்கத்தின் மூலையை மடித்து அடையாளம் வைத்திருந்தார். திட்டிவிட்டேன். இனிமேல் செய்ய மாட்டார்.

*

மார்ச் 21

அக்காவுக்கு,

மூலையை மடித்தாரா? அந்தத் தாளின் வயது தெரியுமா அவருக்கு? அது செய்தித்தாள் ரகத் தாள். ஒரு தரம் மடித்தால் அடுத்த தரம் அங்கேயே உடையும். மடிப்பின்மேல் கைவைத்துத் தேய்க்கச் சொல்லாதே. இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு வாரம் வைக்கச் சொல்.

இத்துடன் 109 முதல் 112 வரை இருக்கிறது. பிளேடால் பசையை வருடிப் பிரித்தேன், தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் தூக்கிய இடத்தில் ஒரு மனிதனை நிறுத்தி வைப்பது எதிரிக்குக்கூடச் செய்யக் கூடாத காரியம். அதனால்தான் அனுப்புகிறேன். இதற்கு மேல் கேட்காதே.

மாநாட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டு, "அக்காவும் தம்பியும் இரட்டை வாசிப்பு" என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறார்கள். நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இரண்டு பக்கத்தையும் நானே படித்துப் பழகிப் பார்த்தேன். உன் பக்கத்துக்குக் குரலைக் கொஞ்சம் மாற்றினேன். சட்டம் போட வந்த ஒரு அம்மா பின்னால் நின்று கேட்டுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். போதும் என்று மூடி வைத்துவிட்டேன்.

நீ தேதியைத் தெரிந்தே வைத்திருந்தால்கூட எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். கோபத்தை நான் சமாளித்துக்கொள்வேன். மாநாடு நினைவிலேயே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

தம்பி

*

மார்ச் 25 (அஞ்சலட்டை)

113 எங்கே? பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதன்மேல் லிஃப்ட் ஓட்டும் பெண்ணின் பெயரே எழுதியிருக்கிறது என்று தெரிந்தபின் ஒரு மனிதரை அப்படியே விட்டுவிடலாமா? இங்கே பட்டறையே ஓடவில்லை. கடிதம் தனியாக எழுதுகிறேன். அக்கா.

*

மார்ச் 29

தம்பிக்கு,

முதலில் அவருடைய செய்தி. இரண்டாவது பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று யூகித்துவிட்டாராம். பல் செட். நிலையத்தில் இருக்கும் கிழட்டுத் தலைவருக்குப் புதுப் பல் போகிறதாம், அதனால்தான் அவ்வளவு ஜாக்கிரதையாம். நான் சிரிக்கவே இல்லை. சிரித்தால் அதுவே ஒரு துப்பு என்று நினைத்துக்கொள்வார்.

நீ அனுப்பிய நான்கு பக்கத்தையும் தாளை மடக்காமல், விளிம்பில் பிடித்துப் படித்தார். சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாதிப் புத்தகங்கள் அலமாரியில் நிற்காமல் சரிகின்றன என்று, பக்கத்துக்கு ஒரு மாவுத் தாடையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். மேல் தாடை இந்தப் பக்கம், கீழ்த் தாடை அந்தப் பக்கம். நடுவில் நம் இரட்டைக்கோள் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் ஒரு புத்தகமும் விழவில்லை.

என்னிடம் தலைகீழாகத் தொங்கும் உன் சிவப்பு வால்களையும் அவர் விடவில்லை. திருப்பிப் பிடித்து, கடைசி ஏழெட்டுப் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, "இவங்க எல்லாரும் ஏன் அழறாங்க? இந்த ரோபோ யாரு? முன்னாடி என்ன நடந்துச்சு?" என்கிறார். முடிவைத்தானே சொல்லக் கூடாது, ஆரம்பத்தைச் சொல்லலாமா என்று கேட்கிறார். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சிவப்புக் கதை என்றால் என் தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அவர் எங்கிட்ட பேசுவாரா?" என்றார்.

"அவன் யாருகிட்டயும் பேச மாட்டான். பயப்படாதீங்க, உங்கமேல தனிக் கோபம் இல்ல" என்றேன். முழுப் பொய். ஆனால் உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

இப்போது உனக்கும் எனக்கும் உள்ளது. நான் மறந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துவிட்டு, உள்ளதையே எழுதுகிறேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் மறந்தேன். வேறு காரணம் இல்லை. உன்னை மறக்கவில்லை. குமாஸ்தா "சாட்சி யார்?" என்று கேட்டதும், யோசிக்காமல் "என் தம்பி" என்றுதான் வாயில் வந்தது. மாநாடு மறந்துபோன அதே மேசைக்கு முன்னால்தான் உன்னைச் சொன்னேன். அதையும் சேர்த்துப் பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் சேர்த்துப் பேசுவது எனக்கு அலுக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் அலுத்துத்தான் போனது. பேரம் பேசுவது நான், மேசை கேட்டு வாங்குவது நான், மாநாட்டை நடத்தும் விசில் அம்மாவிடம் மல்லுக்கு நிற்பது நான். நீ பின்னால் உட்கார்ந்து புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருப்பாய். உன் உறையில் ஒரு சுருக்கம் இருக்காது, அதை நான் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவேன். அது வேறு விஷயம்.

கணக்கைப் பார்த்தால் வழி இருக்கிறது. மாநாடு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சனிக்கிழமை பதினொன்றுக்குக் கையெழுத்து, மத்தியானப் பஸ், சாயங்காலம் உன் வீட்டில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் நீலப் பக்கத்தோடு உன் பக்கத்தில் நிற்பேன். அவரும் வருவார், முதல் வரிசையில் உட்காருவார், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். செய்ய வேண்டியது ஒன்றுதான். விசிலிடம் போய், வாசிப்பைச் சனியிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

நான் கேட்க மாட்டேன். நான் போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், தெரியும். ஆனால் செய்ய மாட்டேன். இந்த ஒரு தடவை நீ கேள். நீ கேட்காவிட்டால் சனிக்கிழமை நீ அங்கே தனியாக நிற்பாய், நான் இங்கே தனியாகக் கையெழுத்துப் போடுவேன். பக்கத்து வீட்டு ஆளைச் சாட்சிக்குப் பிடிக்கலாம்தான். ஆனால் காலத்துக்கும் அந்தக் காகிதத்தில் பக்கத்து வீட்டு ஆளின் பெயர் இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு விசில் வீடுதான் காரணம். அவர் வீடு என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

முதல் நாள் வாசல்வரை போய், உள்ளே ஆள் பேச்சுக் கேட்டதும் திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும். கதவைத் திறந்து யாரும் இல்லாததைப் பார்த்து அவர் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதினார். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் திரும்பவில்லை.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குப் பக்கத்தைப் பார்த்துத்தான் பேச வரும். அப்படியானால் பக்கம் இருந்தால் போதுமே. ஒரு தாளில் எழுதினேன். இரட்டைக்கோள் பக்கம் இருக்கும் அளவுக்கே தாளை வெட்டிக்கொண்டேன், கைக்கு அதுதான் பழக்கம். வியாழக்கிழமை போய் மணியை அடித்து, காலை ஊன்றி நின்றேன். விசில் அம்மா கதவைத் திறந்ததும், குனிந்த தலை நிமிராமல் படித்தேன்.

"வணக்கம். இரட்டை வாசிப்பைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா? சனிக்கிழமை என் அக்காவுக்குத் திருமணம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நன்றி."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"தம்பி, உனக்குப் பேச வருமா?" என்றார். "இத்தனை வருஷமா உன் குரலை மேடையில மட்டும்தான்பா கேட்டிருக்கேன். அங்க இருக்கறது டேப்போன்னு எனக்கு ஒரு சந்தேகமே உண்டு."

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அதில் பதில் எழுதியிருக்கவில்லை. அதனால், "வரும்" என்று சொன்னேன். அது நானாகச் சொன்னது.

"அக்காவுக்குக் கல்யாணமா? இத மொதல்ல சொல்லக் கூடாதா? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு, மத்தவங்களை நான் தள்ளி வெச்சுக்கறேன். மாப்பிள்ளை என்ன படிக்கிறாரு? விண்வெளியா, ரோபோவா?"

"இப்ப லிஃப்ட் கதை படிக்கிறாரு" என்றேன். அதுவும் தாளில் இல்லை.

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த நாளே கடைக்கு வந்த ஒருவரிடம் தேக்குச் சட்டமா, அலுமினியமா என்று நானாகக் கேட்டேன். வழக்கமாக இரண்டையும் எடுத்து முன்னால் வைப்பதோடு சரி.

நீ எழுதியதைச் சேர்த்துப் பார்த்தேன். உனக்கு அலுத்துப்போனது என்று படித்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது, இதை நீ முன்பே சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றால், தெரியாது. அன்று உனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் எனக்குக் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் தேடித்தான் பார்த்தேன்.

மீதிப் புத்தகங்கள் முழுசாக இருக்கின்றன. முப்பத்தொன்றை உறை போட்டுப் பையில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் படிக்கப் போகிறோம். உன் பக்கத்தை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள், நாற்பதாம் பக்கத்தில் அந்தக் கிரகத்தின் பெயரில் ஒவ்வொரு வருஷமும் தடுக்கி விழுகிறாய். வெட்டிய பன்னிரண்டின் சிவப்புப் பாதிகளையும் கட்டி எடுத்து வருகிறேன். இரண்டு பாதியும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். ஒட்டுகிறேன் பேர்வழி என்று நீ பசையை எடுக்காதே, உன் கைக்கும் பசைக்கும் ஆகாது. பல்லை ஒட்டுகிறவர் வீட்டிலேயே இருக்கும்போது உனக்கென்ன வேலை? தாடைகளுக்கு நடுவில் சும்மா செருகி வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

சிவப்புக் கதைகளின் ஆரம்பத்தை வாயால் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். விதி முடிவுக்கு மட்டும்தான். ஆரம்பத்தைச் சொல்லலாம். சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் கிளம்புகிறேன். சாட்சிக்கு என்ன அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டு வை. கூடத்தில் ஒரு பாய் போதும். வெள்ளைச் சட்டை போட வேண்டுமா, எதுவானாலும் சரிதானா என்று மட்டும் எழுது.

இத்துடன் பதினேழின் பக்கங்கள் இருக்கின்றன. 113 முதல் 124 வரை. எண்ணிப் பார்த்தால் கடைசித் தாள் இருக்காது. 125, 126. உறையைக் கவிழ்த்துத் தட்டாதே, தபால்காரரைப் பிடித்து உலுக்காதே, அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தாள் என் சட்டைப்பையில், இரண்டு அட்டைக்கு நடுவில், மடிக்காமல் இருக்கிறது. சனிக்கிழமை கையெழுத்துப் போட்ட கையோடு நானே அவர் கையில் கொடுப்பேன்.

அதுவரை நீ வாயைத் திறக்காதே. பல் செட் இல்லை என்று மட்டும் அத்தானிடம் சொல்.

தம்பி